கேம் கம்பெனிகளை எவ்வளவு நம்பலாம்? மலையில் ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் கணினியிலும் போனிலும் கேம் ஆடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. ஆரவாரமான டிரெய்லர், அரைகுறையாக வரும் கேம், முன்கூட்டியே வசூலிக்கும் பணம் ஆகிய மூன்றையும் சுற்றித்தான் பெரும்பாலான சந்தேகங்கள். மலையில் இணையமும் மின்சாரமும் சமவெளி மாதிரி இருப்பதில்லை என்பதால், ரீஃபண்ட் (கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது) விஷயத்தில் நமக்கென்று சில கூடுதல் கணக்குகள் உண்டு. அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம்.

டிரெய்லரில் ஒன்று காட்டினார்கள், கையில் வேறொன்று வந்தது. வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்களா?

சில நேரம் ஆம். பல நேரம் இல்லை. நடப்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் யார்மேல் கோபப்படுவது என்று தெரியும்.

ஒரு கேம் வெளிவர மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே விளம்பரம் தொடங்கிவிடுகிறது. அப்போது கையில் இருப்பது பத்து நிமிடம் ஓடக்கூடிய ஒரு துண்டு மட்டும். அந்தத் துண்டை விலையுயர்ந்த கணினியில், முன்கூட்டியே பழகிய ஆளை வைத்து ஓட்டிப் பதிவு செய்கிறார்கள். முழு கேமையும் கட்டி, சாதாரணக் கருவிகளில் ஓடவைக்கும்போது ஒளி, நிழல், கூட்டம், தூரக் காட்சி எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைகிறது. 2012இல் காட்டிய வாட்ச் டாக்ஸுக்கும் 2014இல் கடைக்கு வந்த வாட்ச் டாக்ஸுக்கும் இடையில் நடந்தது இதுதான்.

இரண்டாவது வகை, இல்லாததை இருப்பதாகச் சொல்வது. 2013 பிப்ரவரியில் வந்த ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ் கேமின் முன்னோட்டத்துக்கும் விற்ற பொருளுக்கும் இருந்த வித்தியாசம் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு வரை போனது.

மூன்றாவது வகை, பேட்டியில் வாய் தவறி ஆசையைச் சொல்லிவிடுவது. ஆடுபவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்று பேட்டியில் சொன்ன நோ மேன்ஸ் ஸ்கை வெளியான 2016 ஆகஸ்ட்டில், இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் நின்றும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. இந்தக் கேமும் அதே அமைப்பிடம் போனது. அங்கே ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் அதன் பக்கத்தில் இருந்த விளம்பரத்தை ஆராய்ந்து, 2016 நவம்பரில் தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. கவனிக்க வேண்டியது அதைத்தான்: கடைப்பக்கத்தில் எழுதியிருப்பதற்கு ஓரளவு பொறுப்பேற்க வைக்கலாம், பேட்டியில் சொன்னதற்குப் பொறுப்பேற்க வைப்பது கடினம். கேமின் சிறப்புகளைக் கடைப்பக்கத்தில் படியுங்கள். பேட்டியில் மட்டும் இருந்து கடைப்பக்கத்தில் இல்லாத சிறப்பு, கேமில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டிரெய்லரில் எதைப் பார்ப்பது?

முதலில் திரையின் ஓரங்கள். உயிர் அளவு, வரைபடம், தோட்டா எண்ணிக்கை எதுவும் தெரியவில்லையென்றால் அது யாரும் ஆடிப் பதிவு செய்ததல்ல, அல்லது மறைத்துப் பதிவு செய்தது. அடுத்து அடியில் வரும் பொடி எழுத்து. ‘இன்-எஞ்சின்’ என்றால் கேமின் எஞ்சினில் (கேமை ஓட்டும் மென்பொருளில்) தயாரித்த படம் என்று மட்டும் அர்த்தம், உங்கள் கணினியில் அப்படி ஓடும் என்று அர்த்தமில்லை. ‘கேம்ப்ளே’ என்று போட்டிருந்தால் எந்தக் கருவியில் பதிவானது என்று பாருங்கள். ஆள் ஒருவர் வெட்டு இல்லாமல் பத்து நிமிடம் ஆடும் காணொளி ஒன்று கிடைத்தால், இரண்டு நிமிட டிரெய்லர் ஐந்தைவிட அது மேல்.

வெளியீட்டுத் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதும் அப்படி ஒரு காணொளி வரவில்லையென்றால், விடை கிடைத்துவிட்டது.

முன்பதிவு செய்யலாமா? தள்ளுபடியும் ஒரு ஸ்கின்னும் (கேமுக்குள் போடும் அலங்காரம்) தருகிறார்களே.

வேண்டாம். டிஜிட்டல் சரக்கு தீர்ந்துபோகாது, வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை. முன்பதிவால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு வண்ணத் தொப்பி. கம்பெனிக்குக் கிடைப்பது, தரம் தெரியும் முன்பே உங்கள் பணம். பச்சை இலையைத் தொழிற்சாலையில் போட்டுவிட்டு விலைக்காகக் காத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

சைபர்பங்க் 2077 மூன்று முறை தேதி தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பிரதி மட்டும், அதிலும் அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்ட அனுமதியில்லை. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பிரதிகளின் மோசமான நிலைமை விற்பனை தொடங்கிய பிறகே வெளியில் தெரிந்தது. சுமார் ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்தது. திரும்ப வைத்தது 2021 ஜூனில்.

எந்தக் கருவிக்கு விமர்சனப் பிரதி போகவில்லையோ, அந்தக் கருவிக்கான கேமைத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்ற தடை வெளியீட்டு நேரம் வரை நீடித்தாலும் அதே எச்சரிக்கை.

ஸ்டீம் ரிவ்யூவை நம்பலாமா? காசு கொடுத்து எழுதுகிறார்கள், கூட்டமாக வந்து திட்டுகிறார்கள் என்கிறார்களே.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பிடித்தது என்று எழுதியவர்கள் 40 முதல் 69 சதவீதம் வரை என்றால் ‘மிக்ஸ்டு’, 70 முதல் 79 வரை ‘மோஸ்ட்லி பாசிட்டிவ்’. 71 சதவீத கேமுக்கும் 68 சதவீத கேமுக்கும் நடைமுறையில் வித்தியாசம் கிடையாது, ஆனால் பெயர்ப்பலகை நிறம் மாறிவிடும்.

மொத்த மதிப்பெண்ணையும் கடைசி 30 நாள் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தம் 85, சமீபத்தில் 45 என்றால் அண்மையில் ஏதோ பேட்ச் (வெளியான பிறகு வரும் திருத்தம்) கெடுத்திருக்கிறது. தலைகீழாக இருந்தால் சரிசெய்து வருகிறார்கள். பிறகு எதிர்மறை ரிவ்யூக்களை மட்டும் வடிகட்டி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் எழுதியதைப் படியுங்கள். ‘குப்பை’ என்று ஒரு சொல்லில் எழுதியவரை விட்டுவிடலாம். ‘16 ஜிபி ராம், இந்த கிராஃபிக்ஸ் கார்டு, மூன்றாவது ஊரில் நின்றுவிடுகிறது’ என்று எழுதியவர்தான் வேண்டும்.

கூட்டமாக வந்து திட்டுவதிலும் சில சமயம் செய்தி இருக்கிறது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 ஆடுவதற்குப் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்தன. அந்தச் சேவையே இல்லாத நாடுகளிலும் கேமை விற்றிருந்தார்கள். சில நாட்களில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கேம் எப்படி என்று அந்த ரிவ்யூக்கள் சொல்லவில்லை. கம்பெனி எப்படி என்று சொல்லின.

விஷ்லிஸ்ட்டில் (பிறகு வாங்கக் குறித்துவைக்கும் பட்டியல்) லட்சக்கணக்கானோர் சேர்த்திருக்கிறார்கள் என்றால் நல்ல கேம்தானே?

இல்லை. தி டே பிஃபோர் ஒரு காலத்தில் ஸ்டீம் விஷ்லிஸ்ட்டின் உச்சியில் இருந்தது. 2023 டிசம்பர் 7 அன்று வெளியானது. பரந்த உலகில் பல பேர் ஆடும் கேம் என்று சொன்னதில் பாதிகூட அதில் இல்லை. டிசம்பர் 11 அன்று, நான்கே நாளில், ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தார்கள். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது ஸ்டீம் வழியாக வாங்கியதால்.

எர்லி ஆக்சஸில் (செய்து முடிக்கும் முன்பே விற்கும் நிலையில்) வாங்குவது புத்திசாலித்தனமா?

இன்றைக்கு அதில் இருப்பது அந்த விலைக்குத் தகும் என்றால் வாங்கலாம். நாளை வரப்போவதை நினைத்து வாங்கக் கூடாது. இதை ஸ்டீமே சொல்கிறது: எர்லி ஆக்சஸ் கேம் ஒவ்வொன்றின் பக்கத்திலும், இப்போதைய நிலையில் ஆட ஆர்வம் இல்லையென்றால் காத்திருங்கள் என்று நீலப் பெட்டியில் எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

நன்றாக முடிந்தவை இருக்கின்றன. ஹேடிஸ் 2018 டிசம்பரில் எர்லி ஆக்சஸுக்கு வந்து 2020 செப்டம்பரில் முழுமையானது. பால்டர்ஸ் கேட் 3 2020 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரை அந்த நிலையில் இருந்தது. மறுபக்கம் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2: 2023 பிப்ரவரியில் 50 டாலர் விலைக்கு, முதல் பாகத்தில் இருந்த பல அம்சங்களே இல்லாமல் வந்தது. அடுத்த ஆண்டே அதைச் செய்த ஸ்டுடியோ மூடப்பட்டது. பெரிய பப்ளிஷர் (பணம் போட்டு வெளியிடும் கம்பெனி) பின்னால் இருந்தும் இது நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும் முன் கடைப்பக்கத்தில் ‘செய்திகள்’ பகுதியைத் திறந்து, கடைசி ஆறு பேட்ச்களின் தேதியை வரிசையாகப் பாருங்கள். இடைவெளி 3 வாரம், 4 வாரம், 4 வாரம் என்று போனால் வேலை நடக்கிறது. 3 வாரம், 2 மாதம், 5 மாதம் என்று நீண்டால் காசு தீர்ந்துகொண்டிருக்கிறது அல்லது ஆட்கள் போய்விட்டார்கள். பேட்ச் குறிப்பில் இருப்பது சரிசெய்த பக்குகளா (பிழைகளா), புதிய தொப்பிகளா என்றும் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்காத எர்லி ஆக்சஸ் கேம்களுக்கு 2025 பிப்ரவரி முதல் ஸ்டீமே எச்சரிக்கை போடுகிறது. ஆனால் அதற்குள் தாமதமாகிவிடும்.

ரோட்மேப் (இனி என்னென்ன வரும் என்ற அட்டவணை) படத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். அது ஒரு படம்.

கிக்ஸ்டார்ட்டரில் (செய்யப்போகும் பொருளுக்கு மக்களிடம் பணம் திரட்டும் தளம்) பணம் போடலாமா? கேம் வராவிட்டால் திரும்பக் கிடைக்குமா?

திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கிக்ஸ்டார்ட்டர் கடை அல்ல. இலக்குத் தொகை சேராவிட்டால் உங்கள் கார்டில் பணம் பிடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. சேர்ந்துவிட்டால் 5 சதவீதம் தளத்துக்கு, 3 முதல் 5 சதவீதம் பணப் பரிமாற்றத்துக்கு, மீதி படைப்பாளிக்கு. போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள். டாலர் பரிமாற்றத்துக்கு உங்கள் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே இயக்கினால்தான் பணமே போகும்.

பணம் அதிகமாகச் சேர்ந்தால் கேம் சீக்கிரம் வரும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது எதிர்மாறு. டபுள் ஃபைன் ஸ்டுடியோ 2012இல் 4 லட்சம் டாலர் கேட்டது, 33 லட்சம் வந்தது. வந்த பணத்துக்கு ஏற்றபடி கேமும் பெரிதாகி, கடைசியில் ப்ரோக்கன் ஏஜ் என்ற அந்த கேமை இரண்டாக வெட்டி, 2014 ஜனவரியில் விற்ற முதல் பாதியின் வருமானத்தில் இரண்டாம் பாதியை 2015இல் முடித்தார்கள். ஸ்டார் சிட்டிசன் 2012இல் தொடங்கியபோது சொன்ன தேதி 2014 நவம்பர். 2024க்குள் 70 கோடி டாலருக்கு மேல் திரட்டியும் முழு வெளியீடு அப்போது வரவில்லை. ஆடக்கூடிய ஆல்ஃபா (முடியாத சோதனைப் பதிப்பு) இருக்கிறது, அதில் ஓட்டும் கப்பல்களை விற்கவும் செய்கிறார்கள். அதனால் அதை மோசடி என்று சொல்வது சரியல்ல. முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத திட்டம் என்று சொல்லலாம்.

சிறியதாகக் கேட்டு, சிறியதாக முடித்தவர்களே வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஹாலோ நைட் 2014இல் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு, 57,000 சொச்சம் பெற்று, 2017 பிப்ரவரியில் வந்தது. கூடுதல் இலக்காகச் சொன்ன ஒரு பகுதி வளர்ந்து வளர்ந்து தனி கேமாக 2025 செப்டம்பரில்தான் வந்தது என்பது வேறு கதை.

பிரச்சாரப் பக்கத்தில் தேட வேண்டியவை: இப்போதே தரவிறக்கி ஆடக்கூடிய டெமோ, எத்தனை பேர் எத்தனை மாதம் வேலை செய்வார்கள் என்ற கணக்கு, வேறு எங்கிருந்து பணம் வருகிறது என்ற ஒப்புதல். டி-ஷர்ட், சிலை, புத்தகம் என்று பொருள் பரிசுகள் நீளமாக இருந்தால் பின்வாங்குங்கள். அவற்றை அச்சடித்து உலகம் முழுக்க அனுப்புவதிலேயே பணம் கரையும்.

செய்து முடிக்காத கேமை ஏன்தான் விற்கிறார்கள்? இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் என்ன?

ஒரு கணக்குப் போடுவோம். பத்துப் பேர், இரண்டு ஆண்டு, ஆளுக்கு மாதம் 60,000 ரூபாய். சம்பளம் மட்டும் 1 கோடியே 44 லட்சம். கேமின் விலை 1,000 ரூபாய் என்றால் அதில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கம், அது போக 847. ஸ்டீமின் பங்கு 30 சதவீதம் போக மீதி 593. சம்பளத்தை மட்டும் எடுக்க 24,300 பிரதி, அதுவும் முழு விலையில், ரீஃபண்ட் எதுவும் இல்லாமல் விற்க வேண்டும். பப்ளிஷர் முன்பணம் கொடுத்திருந்தால் அவர் போட்டதை எடுத்த பிறகுதான் ஸ்டுடியோவுக்குப் பங்கு. அரை விலைத் தள்ளுபடியில்தான் பெரும்பகுதி விற்கிறது என்றால் தேவையான பிரதி இரட்டிப்பு.

இதே அணிக்கு ஆறு மாதத் தாமதம் என்பது இன்னும் 36 லட்சம். யார் தருவார்? பப்ளிஷர் தருவது தவணை முறையில், குறிப்பிட்ட கட்டம் முடிந்ததாகக் காட்டினால்தான் அடுத்த தவணை. காட்டுவதற்கென்றே அழகான துண்டைச் செய்து, அடித்தளத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. பெரிய கம்பெனிகளில் பங்குதாரர்களுக்குச் சொன்ன நிதியாண்டுக் கணக்கும், முன்கூட்டிப் பிடித்த விளம்பர இடங்களும் சேர்ந்துகொள்ளும். பிறகு ‘முதல் நாள் பேட்ச்’ என்ற ஒன்று இருப்பதால் மனசாட்சியும் உறுத்தாது.

இதையெல்லாம் புரிந்துகொள்ளலாம். அந்தச் செலவை வாங்குபவர் தலையில் கட்டுவதை ஏற்க வேண்டியதில்லை.

ஸ்டீம் ரீஃபண்ட் விதி சரியாக என்ன?

வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் தருவார்கள். முன்பதிவு செய்து, வெளியீட்டுக்கு முன் ஆட முடியாத கேம் என்றால் வெளியீடு வரை எப்போதும் ரத்து செய்யலாம், 14 நாள் வெளியீட்டு நாளிலிருந்து தொடங்கும். எர்லி ஆக்சஸிலும், கூடுதல் காசுக்கு மூன்று நாள் முன்னதாகத் திறந்துவிடும் பதிப்பிலும் ஆடிய நேரம் 2 மணி நேரக் கணக்கில் சேரும்.

கேட்கும் வழி: ஸ்டீமில் உதவி, அதில் ஸ்டீம் சப்போர்ட், வாங்கியவை பட்டியலில் அந்த கேம், ‘ரீஃபண்ட் வேண்டும்’, காரணம், பணம் ஸ்டீம் கணக்கில் உள்ள வாலட்டுக்கா வந்த வழிக்கா என்ற தேர்வு, சமர்ப்பி. ஒப்புதலான பிறகு ஒரு வாரத்துக்குள் வரும். சில கட்டண முறைகளுக்கு வாலட் மட்டும்தான் வழி.

செய்யக் கூடாதது ஒன்று: வங்கியில் புகார் செய்து பணத்தைத் திருப்பி இழுப்பது. கணக்கையே முடக்கலாம். வேறு தளங்களில் மலிவாக வாங்கிய கீக்கும் (கேமைத் திறக்கும் குறியீடு) ஸ்டீம் ரீஃபண்ட் தராது.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டாதான். ரீஃபண்ட் விதி எனக்கு உதவுமா?

பெரிய கேமுக்கு உதவாது. 14 நாளில் உங்களுக்குக் கிடைப்பது 21 ஜிபி. 70 ஜிபி கேம் இறங்கி முடிய 47 நாள். ஆடிப் பார்க்கும் முன்பே ரீஃபண்ட் கதவு மூடிவிடும். நாளைக்கு 2 ஜிபி திட்டமானாலும் 14 நாளில் 28 ஜிபிதான். கடைப்பக்கத்தின் அடியில் தேவைப்படும் இடம் என்று போட்டிருப்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். எர்லி ஆக்சஸ் கேமுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம்: அங்கே 14 நாள் முழு வெளியீட்டுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும்.

ஃபைபர் இணைப்பு என்றால் நிலைமை வேறு. 40 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் 100 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரம், 10 எம்பிபிஎஸ் என்றால் 22 மணி நேரம். ஃபைபர் உள்ள நண்பர் வீட்டில் உங்கள் கணக்கில் இறக்கி, கேமின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், பேக்கப் என்று போய் வெளி டிஸ்கில் எடுத்துவரலாம். டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்க வேண்டும், பழைய ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. நண்பரிடமும் அதே கேம் இருந்தால் இன்னும் சுலபம்: இரண்டு கணினியையும் ஒரே வைஃபையில் இணைத்தால், 2023 முதல் ஸ்டீம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராக நகலெடுக்கும், டேட்டா செலவாகாது.

பருவத்தையும் பாருங்கள். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில் வருகிறது. கூடலூர், தேவாலா, பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் நேரம், மரம் விழுந்தால் கம்பியும் கேபிளும் சேர்ந்தே போகும். குன்னூர், கோத்தகிரிக்கு அந்தத் தொல்லை வடகிழக்குப் பருவத்தில். தள்ளுபடியின் முதல் நாளே வாங்கி, நான்கு நாள் மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்தால் 14இல் 4 போச்சு. மழை விட்டு, இணைப்பு நிலைத்த பிறகு தள்ளுபடியின் கடைசி இரண்டு நாளில் வாங்குங்கள், விலை அதேதான். பதிவிறக்கத்தின் நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கேம் தொடங்க மறுத்தால் ‘கோப்புகளைச் சரிபார்’ என்பதை முதலில் ஓட்டுங்கள். அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பை டெவலப்பர் செய்த பக் என்று நினைத்துத் திட்டுபவர்கள் நிறைய.

அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது?

மெனுவில் நின்றாலும் நேரம் ஓடும். இணையம் இல்லாமல் ஆடினாலும் சேரும். கேமுக்குள் ஷேடர் (ஒளி, நிழலை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரமும் கணக்கில் வரும். 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1இல் பலருக்கு அதிலேயே பெரும்பங்கு நேரம் போனது. அதனால் கெடுவை 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி 30 நிமிடம் கைகாவல்.

தொடங்கும் முன் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரைப் (அதை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்து, ஸ்டீம் அமைப்பில் ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்) காட்டும் வசதியை இயக்குங்கள். முதல் 10 நிமிடம்: 1080 திரைத் தெளிவு, நடுத்தர அமைப்பு, பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இருந்தால் ஒரு ஓட்டம். அடுத்த 40 நிமிடம் கதையை அனுபவிக்க உட்காராமல், வெட்டுக்காட்சிகளைத் தாண்டி, கூட்டமும் சண்டையும் உள்ள இடத்துக்குப் போங்கள். தொடக்கப் பாடம் எப்போதும் மூடிய அறையில் நடக்கும், அங்கே எந்த கேமும் வழுக்கிக்கொண்டு ஓடும். சராசரி 60 காட்டினாலும் கதவைத் திறக்கும்போதெல்லாம் அரை நொடி நின்றால் அது ஷேடர் திக்கல், உங்கள் கார்டின் குற்றமல்ல. பிறகு சேமித்து, முழுக்க வெளியேறி, மறுபடி திறந்து சேமிப்பு இருக்கிறதா பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். ஒருவர் ஆடும் கேம் இணையம் இல்லாமல் திறக்காது என்றால், நம் ஊரில் மழைக்கால இரவுகளில் அது வெறும் ஐகான்.

75 நிமிடத்தில் சந்தேகம் இருந்தால் நிறுத்திவிட்டு ரீஃபண்ட் கேளுங்கள். விலை குறைந்த பிறகோ பேட்ச் வந்த பிறகோ மறுபடி வாங்கத் தடையில்லை.

மற்ற கடைகள்?

எபிக்கில் ஸ்டீம் போலவே 14 நாள், 2 மணி நேரம். ஜிஓஜியில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். கேமின் நிறுவல் கோப்பையே கையில் தந்துவிடுவதால் இணையம் அடிக்கடி போகும் ஊருக்கு அதுவே நல்ல கடை. பிளேஸ்டேஷனில் பதிவிறக்கத்தைத் தொடங்கினாலே வழக்கமான ரீஃபண்ட் உரிமை போய்விடும், தானாக இறங்கும் வசதியை அணைத்து வையுங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேளுங்கள். பிள்ளைகள் போனில் வாங்கியதும் இதில் அடக்கம், அதோடு ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அன்றே மாற்றிவிடுங்கள்.

மொபைல் கேம் இலவசம்தானே, அதில் ஏமாற என்ன இருக்கிறது?

எதிர்பார்ப்பு. 2020 செப்டம்பர் 2 அன்று, பலர் மோதும் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடையானது, இரண்டே நாளில் ஃபௌஜி என்ற இந்திய கேமின் அறிவிப்பு வந்தது. ‘நம்ம நாட்டு பப்ஜி’ என்று ஆடுபவர்களே பேசிப் பேசி வளர்த்தார்கள். 2021 ஜனவரி 26 அன்று வந்ததில் இருந்தது தனியாக ஆடும் கதைப் பகுதி மட்டும். பிளே ஸ்டோரில் மதிப்பெண் சரிந்தது. முன்பதிவு எண்ணிக்கையைப் பெருமையாக வெளியிடும் கம்பெனி, முதல் நாளில் எந்தெந்த மோட் (ஆடும் முறை) இருக்கும் என்பதையும் வெளியிடுகிறதா என்று பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கிய கேமை அவர்களே மூடிவிட்டால்?

மூடலாம். 2014இல் வந்த தி க்ரூ கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அணைத்தார்கள், டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. இதை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. சோனியின் கான்கார்ட் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று போனது. அங்கே எல்லோருக்கும் பணம் திருப்பினார்கள். நீங்கள் வாங்குவது உரிமம் மட்டும் என்று ஸ்டீமே இப்போது பணம் கட்டும் பக்கத்தில் எழுதுகிறது. ஒருவர் ஆடும் கேமுக்கு ‘எப்போதும் இணையம் வேண்டும்’, ‘மூன்றாம் தரப்புக் கணக்கு வேண்டும்’ என்று கடைப்பக்கத்தின் வலது ஓரம் சொன்னால், விலையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். முதலில் விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அடுத்து 1915 என்ற தேசிய உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்குப் போக வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

ரசீது, வாங்கிய அன்றைய கடைப்பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வாக்குறுதி இருக்கும் காணொளியின் நிமிடக் குறிப்பு, ரீஃபண்ட் மறுத்த மின்னஞ்சல் ஆகிய நான்கும் இல்லாமல் போக வேண்டாம். 2,000 ரூபாய் கேமுக்கு 1915 போதும். இந்தியாவில் அலுவலகமே இல்லாத சிறு ஸ்டுடியோமேல் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் வசூலிப்பது வேறு வேலை.

சொதப்பி, பிறகு சரிசெய்த கேமை வாங்கலாமா? அப்படி வாங்கினால் அதே பழக்கத்தை ஊக்குவிப்பதாகாதா?

வாங்கலாம். நோ மேன்ஸ் ஸ்கை 2018 ஜூலையில் பலர் சேர்ந்து ஆடும் வசதியைத் தந்தது, அதற்குப் பிறகும் ஆண்டுகளாக இலவசமாகச் சேர்த்துக்கொண்டே வந்தது. சைபர்பங்க் 2023 செப்டம்பரின் 2.0 பேட்சில் அடித்தளத்தையே மாற்றியது. இப்போது வாங்குபவர் பாதி விலையில் முழுப் பொருளை வாங்குகிறார். முதல் நாள் வாங்கியவர்தான் முழு விலை கொடுத்துச் சோதனை எலியானார். அந்த ஊக்கம் முதல் நாள் விற்பனையில்தான் இருக்கிறது. அதே கம்பெனியின் அடுத்த கேமை முதல் நாளே வாங்காமல் இருங்கள், போதும்.

இங்கே கோத்தகிரியில் நாலு பேர் சேர்ந்து கேம் செய்கிறோம். எங்களை எப்படி நம்ப வைப்பது?

டெமோவை முதலில் வையுங்கள், டிரெய்லரை அப்புறம். உள்ளே இருக்க வேண்டிய எல்லாம் அமைந்து, பக் நீக்குவது மட்டும் பாக்கி என்ற நிலை வரும்வரை தேதி சொல்லாதீர்கள், ஆண்டுகூடச் சொல்லாதீர்கள். ஸ்டீமில் கேமுக்கு 100 டாலர் கட்டணம், 1,000 டாலர் விற்றால் திரும்பும். அது பெரிய செலவல்ல. பெரிய செலவு, வருமானம் இல்லாத மாதங்கள். விற்பனையே இல்லாவிட்டாலும் முடிக்க வழியில்லையென்றால் எர்லி ஆக்சஸில் இறங்காதீர்கள் என்பது ஸ்டீமின் சொந்த அறிவுரை. எதிர்காலம் பற்றிக் குறிப்பான வாக்கு கொடுக்காதீர்கள் என்பதும்.

எதையாவது வெட்டினால் வெட்டிய அன்றே சொல்லுங்கள். கடைப்பக்கத்தில் பழைய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் எடுத்துவிடுங்கள். 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றில் ஓட்டிய காணொளியை நீங்களே போட்டால், அதைவிட நல்ல விளம்பரம் இந்த மலையில் கிடையாது.

சின்ன கேமை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்டால் தவறா?

விதி தடுக்காது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியாகச் சொல்லும் வெண்பா, 2023இல் வந்தது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை முடித்து, ரசித்து, காசைத் திரும்ப வாங்குபவர் ஆரவார விளம்பரத்தைத் தண்டிக்கவில்லை. சொன்னதைச் செய்தவரைத் தண்டிக்கிறார். நீளம் போதாது என்று நினைத்தால் வாங்கும் முன்பே மணிக்கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக் இருக்கிறது. திட்டாமல் எப்படிப் புகார் எழுதுவது?

வெளியீட்டுத் தேதியை முடிவு செய்தவர் உங்கள் புகாரைப் படிக்க மாட்டார், படிப்பவர் சோதனைப் பிரிவில் வேலை செய்பவர். அவருக்குத் தேவை: கேமின் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, கார்டும் டிரைவர் எண்ணும், ராம், டிஸ்க் எஸ்எஸ்டியா பழைய வகையா, எந்த இடத்தில் என்ன செய்தபோது நடந்தது, மறுபடி செய்தால் மறுபடி நடக்கிறதா, பத்து முறையில் எத்தனை முறை. சேமிப்புக் கோப்பையும், கேம் திடீரென நின்றபோது எழுதப்படும் பதிவையும் (கிராஷ் லாக்) இணைத்து, ஒரு புகாரில் ஒரு பக் மட்டும் எழுதுங்கள். அடுத்த இரண்டு பேட்ச் குறிப்புகளில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.